சப்பாத்து விற்பவரும் சப்பாத்து அணிபவரும்

பூச்சோங்கில் காலை எட்டு மணிக்கு ஏதேனும் ஒரு தேநீர்க் கடையில் சற்று அமர்ந்து பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஒரு பருத்த பையுமாக ஓர் இளைஞர் வந்து உட்காருவார். அவருடைய வண்டியின் பின்கதவைத் திறந்தால் ஒரு சிறு கடையே இருக்கும். இரும்பு முனை வைத்த சப்பாத்து, மஞ்சள் தலைக்கவசம், பச்சைக் கையுறை, கண்ணாடி, முகக்கவசம், இருளில் ஒளிரும் பட்டை தைத்த மேற்சட்டை என எல்லாம் அதில் அடக்கம். இவர்தான் பாதுகாப்பு உடுப்பு விற்கும் விற்பனைப் பிரதிநிதி. தொழிற்சாலை, கட்டுமானத் தளம், தோட்டம் என்று ஏறி இறங்கி, மாதிரியைக் காட்டி, விலை பேசி, ஆர்டர் பிடிப்பது இவர் பிழைப்பு.

இத்தொழிலில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதில் நமக்கு மகிழ்ச்சியே. சாராயம் விற்கவில்லை, வட்டிக்கு விடவில்லை, உழைப்பவன் உடம்பைக் காக்கும் பொருளை விற்கிறார்கள். ஆயினும் இந்த வியாபாரத்தின் அடிப்படையிலேயே ஒரு கோணல் இருக்கிறது. அதைத் தொழிலாளத் தோழர்கள் முன் வைப்பது நம் கடமை என்று கருதியே இதை எழுதுகிறோம்.

அத்தகைய இளைஞர் ஒருவரிடம் அண்மையில் பேசிக்கொண்டிருந்தோம். "அண்ணே, போடுறவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. வாங்குறவங்களை மட்டும்தான் தெரியும். அவங்க விலையைக் கேப்பாங்க. அளவை யாரும் கேக்கறதில்ல" என்றார். மறைத்துப் பேசத் தெரியாத பிள்ளை. கோணல் இன்னதென்று அவரே சொல்லிவிட்டார். வாங்குகிறவர் அதை அணிவதில்லை. அணிகிறவர் அதை வாங்குவதில்லை. கடையில் சட்டை எடுக்கும்போது போட்டுப் பார்த்து எடுக்கிறோம். உயிரைக் காக்கும் சட்டையை மட்டும், அதை ஒருநாளும் போடாத ஒருவர் காகிதத்தைப் பார்த்து எடுத்துவிடுகிறார்!

பழைய கதையையும் சற்று நினைத்துப் பார்ப்போம். இன்று அடுக்குமாடி வீடுகளும் பேரங்காடிகளும் நிற்கும் பூச்சோங் வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர்க் காடும் ஈயச் சுரங்கமுமாக இருந்தது. காசல்பீல்ட், கின்றாரா என்ற தோட்டப் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிப் பெயர்களாக எஞ்சியிருக்கின்றன. அந்தத் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்கு நின்ற நம் பாட்டனும் பாட்டியும் என்ன உடுப்பு அணிந்தார்கள்? கிழிந்த நீளக்கைச் சட்டை, தலையில் ஒரு துணி, இடுப்பில் புகையும் கொசுவத்தி. அட்டை கடித்தாலும் கண்ணில் பால் தெறித்தாலும் அது அவரவர் தலையெழுத்து. காப்புடை என்ற சொல்லே லயத்துக்கு வந்து சேரவில்லை.

அவர்கள் வடித்த பாலோ உலகத்தின் கைகளைக் காத்தது! 1980களில் எய்ட்ஸ் நோயின் அச்சம் பரவியபோது மருத்துவமனைகளுக்குக் கையுறை மூட்டை மூட்டையாகத் தேவைப்பட்டது. கிள்ளானிலும் மேருவிலும் ஈப்போவிலும் ஆலைகள் எழுந்தன. உலகிலேயே மிகுதியாக ரப்பர்க் கையுறை செய்யும் நாடு என்ற பெயர் மலேசியாவுக்கு வந்தது. 2020-ல் கொரோனாத் தொற்று வந்தபோது உலகமே நம் நாட்டுக் கையுறைக்குக் கைநீட்டி நின்றது. அதே ஆண்டு நவம்பரில் கிள்ளான் வட்டாரத்துக் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் அந்நோய் காட்டுத்தீயாய்ப் பரவியதையும் நாம் மறக்கவில்லை. பிறர் கைக்கு உறை செய்தவர்கள் நெருக்கியடித்துப் படுத்துக் கிடந்தார்கள். பாதுகாப்புப் பொருள் செய்யும் இடத்திலேயே பாதுகாப்பு இல்லை என்றால், அது விற்பனைச் சரக்காக மட்டுமே பார்க்கப்பட்டது என்றுதானே பொருள்?

கையுறை என்றால் எல்லாம் கையுறைதானே என்று நினைப்பவர் உண்டு. அப்படியன்று. புல்மருந்து அடிப்பவருக்கு நூல் கையுறையைக் கொடுத்தால், அது மருந்தை உறிஞ்சி நாள் முழுதும் தோலோடு ஒட்ட வைத்திருக்கும். வெறுங்கையை உடனே கழுவலாம். நனைந்த நூல் கையுறையோ விஷத்தில் தோய்த்த கட்டு. எண்ணெயும் கிரீசும் புழங்கும் பட்டறையில் இயற்கை ரப்பர் உறை ஊறிக் கெடும்; அங்கே நைட்ரில் உறை வேண்டும். தூசு தடுக்கும் துணி முகக்கவசம் மருந்தின் ஆவியைத் தடுக்காது. ஆவி தடுக்கும் குப்பி பொருத்திய முகக்கவசத்துக்கும் ஆயுள் உண்டு. குப்பியை மாற்றாவிட்டால் அது வெறும் பாரம். தலைக்கவசத்தின் உட்புறத்தில் அது செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் பதிந்திருக்கும். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கும். பார்ப்பதற்கு மட்டும் கவசமாய் இருக்கும். இரும்பு முனைச் சப்பாத்து 200 ஜூல் ஆற்றலுடன் விழும் அடியைத் தாங்கும் என்பது அனைத்துலகத் தர அளவு. ஆனால் சேற்றில் பம்பு சுமந்து மருந்தடிப்பவருக்குத் தேவை நீர் புகாத ரப்பர் பூட்ஸ். அங்கேயும் காற்சட்டையின் கால் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே சொருகினால் வழியும் மருந்து நேரே பாதத்துக்கு இறங்கும்.

இவற்றையெல்லாம் சொல்ல வேண்டியவர் யார்? விற்கிற பிரதிநிதி சொல்லலாம், அவருக்குத் தெரியும். ஆனால் அவர் அலுவலக அறைக்கு அப்பால் வருவதில்லை. வர விடுவதுமில்லை. பொட்டலத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் மட்டும் வருகிறது. அதை ஸ்டோரில் பிரித்து எறிகிறோம்.

'எறிகிறோம்' என்று நம்மையும் சேர்த்தே எழுதினோம். தொழிற்சங்கக் கொடி பிடித்தாலும் நாம் கிராணி. ஸ்டோர்ப் புத்தகம் எழுதிய கை இது. ஊரார் குற்றத்தைச் சொல்லுமுன் நம் குற்றத்தைச் சொல்வதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேலை பார்த்த தோட்டம் ஒன்றில் மருந்தடிக்கும் பெண்களுக்குப் பூட்ஸ் வாங்கினார்கள். பிரதிநிதி கலப்பு அளவு தருவதாகச் சொன்னார். விலை சற்றுக் கூடும், பத்து நாள் ஆகும் என்றார். ஒரே அளவில் மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி. தள்ளுபடியே வென்றது. வந்தவை எல்லாம் ஒன்பதாம் எண். பெயர் கூப்பிட்டு நாம்தான் கொடுத்தோம். வயதில் மூத்த ஓர் அக்காள் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "தம்பி, இது எங்க வீட்டுக்காரருக்கே பெரிசா இருக்குமே" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். புத்தகத்தில் 'வழங்கப்பட்டது' என்று எழுதிக் கைரேகை வாங்கினோம். அம்மாதம் சம்பளத்தில் 'சப்பாத்துப் பிடித்தம்' என்று ஒரு பத்தியும் போட்டோம்.

முனையில் பழந்துணியைத் திணித்துக்கொண்டு அந்த அக்காள் வேலைக்குப் போனார். முதுகில் நிறைந்த பம்போடு கால்வாய்ப் பலகையைக் கடக்கும்போது பூட்ஸ் மடங்கியது. விழுந்ததில் கணுக்கால் முறிந்தது; மருந்து முதுகெல்லாம் கொட்டியது. அன்று மாலை விபத்து அறிக்கையில் காரணம் எழுதும் கட்டத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று தட்டச்சு செய்தவர் யார்? நாமே. சொல்லச் சொன்னவர் வேறு ஒருவர். ஆனால் விரல் நம்முடையது. பிறகு கிளைக் கூட்டத்தில் பேச்செழுந்து, பிடித்த பணம் திரும்பக் கிடைத்தது. அந்த ஒரு வரி மட்டும் கோப்பில் இன்றும் அப்படியே இருக்கிறது. அது நம்மை உறுத்துகிறது, உறுத்த வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1994-ம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-வது பிரிவு, தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்குகிறது. 24-வது பிரிவு, கொடுத்த காப்புடையை அணிவது தொழிலாளியின் கடமை என்கிறது. 26-வது பிரிவோ, இச்சட்டத்தின்படி செய்யும் எதற்கும், கொடுக்கும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் பிடிக்கக்கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. ஆகவே நாம் போட்ட 'சப்பாத்துப் பிடித்தம்' சட்டவிரோதம். 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்பது 30-வது பிரிவு. 2022-ல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, முதலாளி தம் கடமையில் தவறினால் தண்டம் 5 லட்சம் வெள்ளி வரை போகலாம். முன்பு அது 50 ஆயிரம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால் வேலையிடத்தை விட்டு விலகும் உரிமையையும் அத்திருத்தம் தொழிலாளிக்குத் தந்திருக்கிறது. பாதுகாப்புச் செலவு தொழிலாளி தலையில் விழக்கூடாது என்பதை அனைத்துலகத் தொழில் நிறுவனம் 1981-லேயே தன் 155-வது உடன்படிக்கையில் எழுதி வைத்தது.

சட்டம் இருக்கிறது, அதை லயத்துக்குக் கொண்டுவந்து படித்துக் காட்டுவார்தாம் இல்லை. அணிய வேண்டிய கடமை மட்டும் பிரட்டுக்களத்தில் உரக்கப் படிக்கப்படுகிறது. கட்டணம் கூடாது என்ற பிரிவு அலுவலக அலமாரியில் உறங்குகிறது.

"கொடுத்தாலும் போடமாட்டார்கள், சந்தையில் விற்றுவிடுவார்கள்" என்று நிர்வாகிகள் சொல்வதுண்டு. அதில் துளியும் உண்மையில்லை என்று நாம் வாதாடப் போவதில்லை. கழற்றி வரப்பில் வைத்துவிட்டு வேலை செய்பவரைப் பார்த்திருக்கிறோம். ஆனால் ஏன் கழற்றுகிறார்? குளிர்நாட்டு உடம்புக்கென்று தைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் உடையை நம் நாட்டு உச்சி வெயிலில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து பார்க்கட்டும், பிறகு பேசட்டும். மூச்சு முட்டும் உடை, கடிக்கும் சப்பாத்து, மூக்கில் நில்லாத முகக்கவசம் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, அணியாதவனைக் குற்றவாளியாக்குவது எந்த ஊர் நீதி? விடியற்காலையில் மருந்தடித்து வெயில் ஏறுமுன் முடிக்கும்படி வேலையை ஒழுங்கு செய்தால், அணிய மறுப்பவர் தொகை தானே குறையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காப்புடை என்பது கடைசி வேலி. முதலில் ஆபத்தையே அகற்ற வேண்டும்; முடியாவிட்டால் தீங்கு குறைந்த பொருளுக்கு மாற வேண்டும்; அதன்பின் கருவியையும் வேலை முறையையும் திருத்த வேண்டும்; அதற்கும் பிறகுதான் உடுப்பு. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன நடக்கும் என்பதைப் பாராகுவாட் காட்டியது. விழுங்கியவருக்கு மாற்று மருந்தே இல்லாத அந்தக் களைக்கொல்லியை நம் பெண்கள் ஆண்டுக்கணக்கில் முதுகில் சுமந்தார்கள். தெனாகானித்தா அமைப்பும் ஐரின் பெர்னாண்டசும் 2002-ல் மருந்தடிக்கும் பெண்களின் துயரத்தை நாட்டுக்கு எடுத்துச் சொன்னார்கள். அதே ஆண்டு தடை அறிவிக்கப்பட்டது, 2006-ல் தளர்த்தப்பட்டது, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத்தடை வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் கேட்ட வாதம் என்ன? முறையான உடுப்பு அணிந்து முறையாக அடித்தால் ஆபத்தில்லை என்பதே! உடுப்பு ஒரு சாக்காகிவிட்டால் அது தொழிலாளியைக் காக்காது, விஷத்தைத்தான் காக்கும்.

எனவே, கிளைக் கூட்டங்களும் தொழிற்சங்கமும் நான்கு காரியங்களை எடுத்துக்கொள்ள வேண்டுமென நாம் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, காப்புடை வாங்குமுன் பாதுகாப்புக் குழுவின் தொழிலாளர் பிரதிநிதிகள் மாதிரியைப் பார்த்து ஒப்ப வேண்டும். இரண்டு வாரம் வேலையில் அணிந்து பார்த்த பிறகே ஆர்டர் போக வேண்டும். இரண்டாவது, பெண்கள் உட்பட ஒவ்வொருவரின் அளவும் பதிவேட்டில் இருக்க வேண்டும்; 'வழங்கப்பட்டது' என்பதோடு 'பொருந்தியது' என்ற பத்தியும் வேண்டும். மூன்றாவது, விற்கும் நிறுவனத்தின் பிரதிநிதி பிரட்டுக்களத்துக்கு வந்து, எப்படி அணிவது, எப்படிக் கழுவுவது, எப்போது எறிவது என்று செய்து காட்ட வேண்டும். தோட்டங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் நம்மோடு உழைக்கிறார்கள். அவரவர் மொழியில் அவர்களுக்கும் விளங்க வேண்டும். அவர்கள் வாயில்லாதவர்களாக நிற்கும்வரை நம் பாதுகாப்பும் அரைகுறையே. நான்காவது, சம்பளச் சீட்டில் காப்புடைக்கென ஒரு காசு பிடித்திருந்தாலும் அச்சீட்டோடு கிளைச் செயலாளரிடம் வர வேண்டும்.

அளவு சரியில்லாத சப்பாத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சிலர் நகைக்கலாம். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் கொந்தளித்தபோது, துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. சிறிய விஷயம்தான். ஆனால் மனிதனை மனிதனாக மதிப்பது அத்தகைய சிறிய விஷயங்களில்தான் தெரிகிறது. அன்று சைக்கிள், இன்று சப்பாத்தின் எண்.

பை தூக்கும் தம்பிக்கும் ஒரு வார்த்தை. உன் கமிஷன் உனக்கு வேண்டியதுதான். உனக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் அடுத்த முறை ஆர்டர்ப் புத்தகத்தைத் திறக்கும்போது, "இதைப் போடப்போகிறவர் யார்? அவர் கால் அளவு என்ன?" என்று ஒரு கேள்வி கேள். வாங்குகிறவர் முகம் சுளிக்கலாம். கேட்டுக்கொண்டே இரு. ஒருவேளை அந்தக் கால் உன் அம்மாவுடையதாகவும் இருக்கலாம்.

கிராணிகளுக்கு நாம் சொல்வது இன்னும் சுருக்கமானது. கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதாதீர்கள். பொருந்தாததைப் பொருந்தியதாக எழுதாதீர்கள். சொல்லச் சொன்னவர் மாறிப் போய்விடுவார். எழுத்து உங்களுடையதாகவே நிற்கும்.