பறித்த உரிமையைத் திருப்பிக் கொடுப்பது சட்டமா, சலுகையா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1995ஆம் ஆண்டில் ஒருவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். புல்வெட்டும் கூலி வேலை செய்து, வாரத்துக்கு ஏறத்தாழ 300 டொலர் வருமானத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தவர் அவர். தமது வருமானத்தை விண்ணப்பத்தில் காட்டாமல் 2,458 டொலர் பெறுமதியான உணவு முத்திரைகளைப் பெற்றுக்கொண்டார் என்பதே குற்றம். பணம் முழுவதையும் அவர் திருப்பிச் செலுத்தினார்; 100 டொலர் தண்டமும் கட்டினார். மூன்று ஆண்டுகள் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தார். ஒரு நாளேனும் சிறைக்குச் செல்லவில்லை. ஆயினும் 1998இல் துப்பாக்கியொன்றை வாங்கச் சென்றபோது அவருக்கு விற்பனை மறுக்கப்பட்டது. அந்தக் குற்றத்துக்கு மாநிலச் சட்டம் விதித்திருந்த உச்சத் தண்டனை ஐந்து ஆண்டுச் சிறை என்பதனால், சமஷ்டிச் சட்டத்தின் கீழ் அவர் ஆயுட்காலம் முழுவதும் துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவர் ஆகியிருந்தார்.

துப்பாக்கி என்றதுமே அனுமதிப்பத்திரம், ஆண்டுதோறும் புதுப்பித்தல், பாதுகாப்பு அமைச்சு என்று நினைத்துப் பழகிய நமது வாசகர்களுக்கு இது பெரும் குறையாகத் தோன்றாதிருக்கலாம். இங்கு அது அரசு விரும்பினால் வழங்கும் ஓர் அனுமதி மாத்திரமே. அமெரிக்காவிலோ அது 1791ஆம் ஆண்டின் இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தத்தில் எழுதப்பட்ட உரிமை. அது தனிமனிதரின் உரிமையே என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2008ஆம் ஆண்டில், ஹெலர் வழக்கில், தீர்ப்பளித்தது. அந்த உரிமை அவ்வாறு அமைந்திருப்பது நல்லதா என்பது வேறு விவாதம். அரசு ஓர் உரிமையைப் பறித்த பின்னர் அதனை எவருக்கு, எந்த அடிப்படையில், எவர் கையால் மீளக் கொடுக்கின்றது என்பதே இங்கு எழும் கேள்வி. துப்பாக்கியை விரும்பாதவர்களும் கவனிக்க வேண்டிய கேள்வி இது.

ஜனாதிபதி ஜோன் கென்னடி 1963இலும், மார்ட்டின் லூதர் கிங், ரொபர்ட் கென்னடி ஆகியோர் 1968இலும் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னணியில் அதே 1968ஆம் ஆண்டிலேயே துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1938இன் பழைய சட்டம் வன்செயல் புரிந்து தண்டிக்கப்பட்டவர்களை மட்டுமே தடுத்தது. 1961இல் அத்தடை எல்லாப் பாரிய குற்றங்களுக்கும் விரிக்கப்பட்டது. 1968இன் சட்டம் அந்த விரிவை நிலைநிறுத்தியது. ஓராண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்குரிய எந்தக் குற்றமாயினும் சரி, கொலைகாரனும் காசோலை மோசடிக்காரனும் ஒரே தடைக்குள் அடங்குவர். ஆனால், வியாபாரப் போட்டிக்கு எதிரான கூட்டுச்சதி, நேர்மையற்ற வர்த்தக நடைமுறைகள் போன்ற குற்றங்களுக்கு இச்சட்டமே வெளிப்படையாக விலக்களிக்கின்றது. விலைகளைக் கூட்டாக உயர்த்திப் பல மில்லியன் டொலர்களைச் சுருட்டிய முதலாளி துப்பாக்கி வைத்திருக்கலாம். உணவு முத்திரையில் பொய் சொன்ன கூலித் தொழிலாளி வைத்திருக்கலாகாது. சட்டத்தை எழுதும் மேசையில் எவர் அமர்ந்திருந்தனர் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

பாரிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களின் தொகை 2010ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ ஒரு கோடி தொண்ணூறு இலட்சம் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். வயதுவந்த கறுப்பின ஆண்களில் மூவரில் ஒருவர் அத்தொகைக்குள் அடங்குகின்றார். 2022ஆம் நிதியாண்டில் துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டோருக்கு எதிரான இந்தச் சட்டத்தின் கீழ் சமஷ்டி நீதிமன்றங்களில் தண்டிக்கப்பட்டோர் 8,688 பேர். அவர்களில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அடிமைத்தனம் ஒழிக்கப்பட்ட 1865ஆம் ஆண்டிலேயே, விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என மிசிசிப்பி மாநிலம் சட்டமியற்றியது என்பதை அந்த மக்கள் மறந்துவிடவில்லை.

பறிக்கப்பட்ட உரிமையை மீளப் பெறும் வழி ஏட்டில் இல்லாமலில்லை. அதன் பிறப்புக் கதையே சுவாரஸ்யமானது. வின்செஸ்டர் துப்பாக்கிகளைத் தயாரித்த ஒலின் மதீசன் நிறுவனம் மருந்து விற்பனையில் தரகுப்பணம் கைமாறிய விவகாரமொன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தண்டனை பெற்றோர் துப்பாக்கி வியாபாரம் செய்யவும் முடியாது என்பதனால் பெரும் தொழிற்சாலை ஒன்று மூடப்படும் நிலை உருவாயிற்று. அதனைக் காப்பாற்றவே 1965இல் காங்கிரஸ் நிவாரண ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தனிமனிதர்களும் அந்தக் கதவு வழியே நுழைந்தார்கள். பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தாக நடந்துகொள்ளமாட்டார் என்று காட்டக்கூடிய எவரும் விண்ணப்பிக்கலாம். மது, புகையிலை, சுடுகலன் பணியகம் விசாரித்து முடிவு செய்யும்.

1992ஆம் ஆண்டில் இந்தக் கதவு அடைக்கப்பட்டது. அடைத்த விதம்தான் விசித்திரமானது. சட்டப்பிரிவை நீக்கவில்லை, விண்ணப்பங்களை விசாரிப்பதற்குப் பணியகம் ஒரு சதமேனும் செலவிடக் கூடாது என நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு வாசகத்தைச் செருகினார்கள். அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வந்தது. 1993இல் நிறுவனங்களுக்கு மட்டும் வழி மீளத் திறந்துவிடப்பட்டது. தனிமனிதர்களின் விண்ணப்பங்கள் விசாரிக்கப்படாமலே திருப்பி அனுப்பப்பட்டன. மெக்சிக்கோவுக்குள் தோட்டாக்களுடன் வாகனத்தில் சென்றதற்காக அங்கு தண்டிக்கப்பட்ட டெக்சாஸ் வியாபாரி ஒருவர் நீதிமன்றத்தை நாடியபோது, உயர் நீதிமன்றம் 2002ஆம் ஆண்டு டிசெம்பரில் ஏகமனதாகக் கையை விரித்துவிட்டது. விண்ணப்பத்தை விசாரிக்காதிருத்தல் அதனை நிராகரித்ததாகாது; நிராகரிப்பு இல்லாதவிடத்து மேன்முறையீடும் இல்லை என்பது அதன் தர்க்கம். உரிமையும் இருக்கின்றது, வழியும் இருக்கின்றது, நடந்து செல்லத்தான் முடியாது.

காங்கிரஸின் அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஒருவர் இனி ஆபத்தற்றவர் என்று அதிகாரியொருவர் எவ்வாறு அறிவார்? கணிப்புத் தவறினால் விலை செலுத்துவோர் அப்பாவிகளே. 2021இல் மட்டும் அந்நாட்டில் துப்பாக்கியால் உயிரிழந்தோர் 48,830 பேர்; அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். மனைவியையோ துணைவியையோ தாக்கிய ஒருவரிடம் துப்பாக்கி மீளச் சென்றால் என்ன நேரும் என்பதற்குப் பெரும் கற்பனை தேவையில்லை. வீட்டு வன்முறையில் சிறு குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களையும் 1996இல் இத்தடைக்குள் கொண்டுவந்தது அதனாலேயே. அந்தத் திருத்தத்தை நாம் சரியானதென்றே கருதுகின்றோம்.

ஆனால் ஆபத்தே அளவுகோலென்றால், ஆபத்தற்றவரையும் ஆயுள் முழுவதும் தடுத்து வைப்பதற்கு நியாயம் ஏது? தற்போது உயர் நீதிமன்ற நீதியரசராக உள்ள எமி கொனி பரெட், 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் இருந்தபோது தமது மாறுபட்ட தீர்ப்பில் இதனையே எழுப்பினார். பென்சில்வேனியாத் தொழிலாளியும் 2023இலும் பின்னர் 2024 டிசெம்பரிலும் மூன்றாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வெற்றி பெற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பு அவரது சூழ்நிலைக்கு மட்டுப்படுத்தப்பட்டது. மேற்குக் கரையோர மாநிலங்களுக்குரிய ஒன்பதாவது வட்டார நீதிமன்றமோ, வன்செயல் அல்லாத குற்றமாயினும் தடை செல்லும் என 2025 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. நாட்டின் ஒரு கரையில் உரிமை, மறுகரையில் குற்றம்.

ட்ரம்ப் நிர்வாகம் 2025 மார்ச்சில் வேறொரு வழியைக் கண்டுபிடித்தது. பணத்தடை பணியகத்துக்குத்தானே என்று, அதனிடமிருந்த அதிகாரத்தைச் சட்டமா அதிபர் தம் கைக்கே எடுத்துக்கொண்டார். ஏப்ரலில் பத்துப் பேருக்கு உரிமை மீள வழங்கப்பட்டது. வீட்டு வன்முறைக் குற்றச்சாட்டொன்றை 2011இல் எதிர்த்து வாதிடாது ஏற்றுக்கொண்ட நடிகர் மெல் கிப்சன் அவர்களில் ஒருவர். அவரது பெயரைப் பரிந்துரைக்க மறுத்த பின்னரே தாம் பதவி நீக்கப்பட்டதாக மன்னிப்பு விவகாரங்களுக்குப் பொறுப்பாயிருந்த சட்டத்தரணி எலிசபெத் ஓயர் பகிரங்கமாகக் கூறினார். நீதித் திணைக்களம் அத்தொடர்பை மறுத்தது. 2024 மே மாதத்தில் நியூயோர்க்கில் 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளியெனக் காணப்பட்டதன் மூலம் ஜனாதிபதி ட்ரம்பும் இதே தடைக்குள் வந்தவர் என்பதையும் இங்கு குறிப்பிடாமல் விட முடியாது. 2025 ஜூலையில் வெளியான வரைவு விதிகள் வன்செயலாளர்களையும் பாலியல் குற்றவாளிகளையும் பொதுவில் விலக்கி வைக்க முற்பட்டன. அது வரவேற்கத்தக்கதே. எனினும் விதிகள் எழுதப்படுவதற்கு முன்னரே சலுகை வழங்கப்பட்டுவிட்டது. சட்டம் காரணங்களை வெளியிடுமாறு கோருகின்றது. வெளியிடப்பட்ட அறிவித்தலோ பத்துப் பேருக்கும் பொதுவான ஒரே வாசகத்துடன் முடிந்தது.

வேறு வழியே இல்லையா? வேர்ஜீனியா மாநிலத்தில் தண்டனை பெற்றவர் தமது துப்பாக்கி உரிமைக்காக வட்டார நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அரச வழக்குத்தொடுநருக்கு அறிவித்தல் செல்லும். அவர் எதிர்த்து வாதிடலாம். நீதிபதி திறந்த மன்றில் முடிவு செய்வார். தவறுகள் அங்கும் நேரலாம், ஆனால் எவர் என்ன காரணத்துக்காக முடிவெடுத்தார் என்பது பதிவில் இருக்கும். 1968இன் சட்டத்தில் உள்ள நிவாரணப் பிரிவிலோ, பாதிக்கப்பட்டவரிடம் ஒரு சொல் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடுகூட இல்லை. இந்த மாநில வழி சமஷ்டி நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களுக்கு உதவாது என உயர் நீதிமன்றம் 1994இலேயே கூறிவிட்டது. அவர்களுக்கு எஞ்சியிருப்பவை ஜனாதிபதியின் மன்னிப்பும் சட்டமா அதிபரின் கையொப்பமுமே. இரண்டும் வொஷிங்டனில் அறிமுகம் உள்ளவருக்கு எளிதில் கிட்டுபவை. புல்வெட்டிப் பிழைப்பவருக்கு அல்ல.