சோறு செல்லும் எல்லை

இல்லத்தில் இருந்தவாறே கைத்தொலைபேசியில் விரலை வைத்து உணவு வருவித்து உண்ணும் வழக்கம் நம் நாட்டுப் பட்டினங்களிலும் பரவிவிட்டது. அது நன்றா தீதா என்ற வாதத்தை இன்று நாம் எடுக்கப் போவதில்லை. சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்து, அதற்கு இணையவழி ஓடர் எடுக்க முனையும் நம்மவர் தொடக்கத்திலேயே இடறி விழக்கூடிய ஓரிடத்தைப் பற்றிப் பேசக் கருதுகின்றோம். எவ்வளவு தூரம் கொண்டுபோய்க் கொடுப்பது என்னும் எல்லையை வகுப்பதே அது.

ஓடர் எடுக்கும் மென்பொருள்கள் பலவற்றில் இதற்கு இரு வழிகள் உண்டு. கடையை நடுவாக வைத்து ஒரு வட்டம் கீறலாம். அன்றேல், தேசப்படத்தின் மேல் வேண்டிய வடிவில் கோடிழுத்துக்கொள்ளலாம். வட்டம் எளிது, ஆகவே கை முதலில் அதற்கே போகும். ஆனால், வட்டம் அறிந்தது நேர்கோட்டுத் தூரம் ஒன்றையே. அது வாவியை அறியாது; பாலத்தையும் அறியாது.

மட்டக்களப்பை எடுத்துக்கொள்வோம். புளியந்தீவிலே ஒரு கடை இருப்பதாக எண்ணி, 2 கிலோமீற்றர் வட்டம் கீறிப் பாருங்கள். அதில் நல்லதொரு பங்கை வாவி விழுங்கிவிடும். வாவியில் மீன்கள் உண்டு. எனினும் அவை ஓடர் கொடுப்பதில்லை. எதிர்க்கரையிலுள்ள கல்லடி உப்போடையோ வட்டத்துக்குள் வந்துவிடும். அங்குள்ள வீட்டுக்குச் சோறு கொண்டு செல்பவர் நீந்தியா போவார்? கோட்டைமுனைப் பக்கம் வந்து, கல்லடிப் பாலத்தைக் கடந்து, மறுபடியும் தெற்கே திரும்ப வேண்டும். 1924 இல் அமைந்த பழைய லேடி மன்னிங் பாலத்தின் அருகே 2013 இல் புதிய பாலம் திறக்கப்பட்ட பின்பு நெரிசல் தணிந்தது மெய்யே. ஆனால் சுற்றுவழி சுற்றுவழிதான். ஊர்காவற்றுறையையும் காரைநகரையும் அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இக்கரையில் நின்றால் அக்கரை தெரியும். ஆயினும் கடலைக் கடக்காமல் தரைவழியே போவதாயின் யாழ்ப்பாணப் பட்டினத்தைச் சுற்றியே போக வேண்டும்.

ஆகவே தூரத்தை விட்டு நிமிடத்தைக் கணக்கிடுக. கடைக்காரர் தாமே இரவு 7 மணிக்கு, ஓடர் மிகும் வேளையில், மோட்டார் சைக்கிளில் ஏறி ஒவ்வொரு திசையிலும் 15 நிமிடம் சென்று பார்க்கட்டும். எங்கே நிற்கின்றாரோ அதுவே அத்திசையின் எல்லை. அப்புள்ளிகளைச் சேர்த்தால் வட்டம் வராது. கோணல்மாணலான ஓர் உருவம் வரும். அதுவே சரியான உருவம்.

மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வட்டத்தின் ஆரை 2 கிலோமீற்றர் எனின் பரப்பு ஏறத்தாழ 12.5 சதுர கிலோமீற்றர். ஆரை 4 ஆனால் பரப்பு 50. வீடுகள் நான்கு மடங்காகும் என்று கடைக்காரர் மகிழ்வார். ஆனால் போய்த் திரும்ப 20 நிமிடம் எடுத்தவர் 40 நிமிடம் எடுப்பார். மணிக்கு மூன்று வீடு சென்றவர் இரண்டைத் தொடுவதே அரிது. பிட்டும் சொதியும் ஆறிப்போகும். சமைத்த உணவைச் சூடாக வைத்திருப்பதாயின் 60 பாகை செல்சியசுக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

எல்லையை அகல வைத்து, நேரத்தையும் குறுக்கி வாக்களிப்பது இதனினும் பொல்லாதது. அமெரிக்காவில் டொமினோஸ் பீட்சா நிறுவனம் 30 நிமிடத்துள் உணவு வந்து சேரும் என்று உறுதி கூறி வணிகம் வளர்த்தது. சென் லூயிஸ் நகரில் 1989 இல் அதன் வாகன ஓட்டி ஒருவர் சிவப்பு விளக்கைக் கடந்து மோதியதில் ஒரு பெண் காயமுற்றார். 1993 இல் நடுவர் குழு ஏறத்தாழ 79 மில்லியன் டொலர் நட்டஈடு விதித்தது. பின்னர் வழக்கு அதனிற் குறைந்த தொகைக்குத் தீர்ந்ததாயினும், அந்த ஆண்டிலேயே நிறுவனம் தன் உறுதிமொழியைக் கைவிட்டது. நம் தெருக்களில் பெட்டியை முதுகிற் சுமந்து விரையும் இளைஞர்களைக் காணும்போதெல்லாம் இவ்வழக்கு நம் நினைவுக்கு வருகின்றது. அவர்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் அன்றோ?

கட்டண விடயம் சிறிது. அண்மைப் பகுதிக்குக் குறைந்த கட்டணமும் சிறிய ஓடரும், அப்பாற் பகுதிக்குக் கூடிய கட்டணமும் பெரிய ஓடரும் என இரண்டு பகுதிகள் போதும். அவற்றுக்கும் அப்பாலுள்ளோர் கடைக்கு வந்து எடுத்துச் செல்லும் வழியைத் திறந்து வைத்தல் வேண்டும்.

கோடு இழுக்கும்போது இன்னுமொன்று. வீதியின் நடுவே இழுத்தால் இந்தப் பக்கத்து வீட்டுக்கு உணவு வரும். எதிர் வீட்டுக்கு வராது. அயலாரிடையே வீண் மனத்தாங்கல் எதற்கு? வீடுகளின் பின்வேலி வழியே இழுத்துவிடுக. மார்கழி மாரியில் தாழ்ந்த வீதிகள் நீரில் மூழ்கும் நாள்களில் அக்கோட்டைக் கடைப்பக்கம் சுருக்கிவிடலாம். தை பிறந்து வழி காய்ந்த பின் மறுபடியும் விரித்துக்கொள்ளலாம்.