ஹறாம் எனும் கனமான சொல்

கல்முனையில் எங்கள் வீட்டில் பீங்கானில் சோறு மிச்சம் வைத்தால், "கொட்டாத மனே, ஹறாம்" என்பா உம்மம்மா. சிந்திய பருக்கைகளை அவவே பொறுக்கிக் கோழிக்குப் போடுவா. அந்தச் சொல்லில் ஏச்சு இருக்கவில்லை. வயலில் பாடுபட்டவரின் வியர்வைக்கான மரியாதை இருந்தது. ஹ, ற, ம என்ற மூன்றெழுத்து அரபு வேரின் அடிப்பொருளும் அதுவே: தீண்டாதே, இது காக்கப்பட்டது. அதனால்தான் விலக்கப்பட்டதும் ஹறாம். மக்காவின் புனிதப் பள்ளியும் மஸ்ஜிதுல் ஹறாம். ஹஜ்ஜுக்குப் போகிறவரின் இஹ்றாமும், ஹிஜ்ரி ஆண்டின் முதல் மாதமான முஹர்ரமும் இதே வேரில் முளைத்தவை. நம் ஷாஃபிஈ மத்ஹபு செயல்களை 5 படிகளாக அளந்து வைத்திருக்கிறது: வாஜிபு (கட்டாயம்), சுன்னத்து (விரும்பத்தக்கது), முபாஹ் (ஆகுமானது), மக்றூஹ், ஹறாம். வெறுக்கத்தக்கது மக்றூஹ், ஹறாம் கடைசிப் படி. நாமோ பிடிக்காத உடுப்புக்கும் பேச்சுக்கும் எடுத்த எடுப்பிலேயே அந்தக் கடைசிப் படிக்குத் தாவுகிறோம். வாய்க்கு வந்தபடி ஒன்றை ஹலால், ஹறாம் என்று தீர்ப்பதற்கு எதிராகக் குர்ஆனின் சூரத்துந் நஹ்லின் 116ஆம் வசனம் கடுமையாக எச்சரிக்கிறது. ஆத்திரம் வந்தால் பெற்ற பிள்ளையையே 'ஹறாங்குட்டி' என்கிறோம். புனிதப் பள்ளியின் பெயரில் உள்ள சொல்லை, ஒருவரின் பிறப்பைப் பழிக்கும் வசையாக்குவது எவ்வளவு பெரிய அநியாயம்! பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றே சொல்வோம். ஹறாமின் கனத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க, பீங்கானில் மிஞ்சிய ஒரு பிடி சோறு போதும்.