லட்சத்தீவு: கேட்டு இருக்கட்டும், க்யூவைக் காட்டுங்க

மும்பையில் இருக்கும் நம்மாட்களுக்கு லீவு என்றால் இரண்டே ஊர்தான். ஒன்று சொந்த ஊர், இன்னொன்று குலதெய்வம் இருக்கிற ஊர். பாதிப் பேருக்கு இரண்டும் ஒன்றே. தாதரிலோ குர்லா டெர்மினசிலோ ரயில் ஏறி, கல்யாணம், காதுகுத்து, பங்காளிப் பஞ்சாயத்து எல்லாம் முடித்துத் திரும்பினால் பி.எல். காலி. தாராவியானாலும் செம்பூரானாலும் கதை இதுதான். இப்போதுதான் கொஞ்சம் மாறியிருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், தீவு பார்க்கணுமாம். ஏழு தீவை மண் போட்டு ஒட்டிய ஊரில் உட்கார்ந்துகொண்டு தீவு பார்க்க ஆசை! சரி, வயசு அப்படி.

இந்த ஆசைக்கு இப்போதெல்லாம் லட்சத்தீவு என்றுதான் பெயர். 2024 ஜனவரி முதல் வாரத்தில் பிரதமர் அங்கே போய் ஸ்நார்க்கலிங் செய்த படங்கள் வந்தன. மாலத்தீவின் துணை அமைச்சர்கள் சிலர் வாயை விட்டு சஸ்பெண்ட் ஆனார்கள். இங்கே மாலத்தீவைப் புறக்கணி என்று ஒரே சத்தம். தங்கள் தளத்தில் லட்சத்தீவைத் தேடுவது 3,400 சதவீதம் கூடிவிட்டதாக மேக்மைட்ரிப் அறிவித்தது. தேடினார்கள், சரி. இதில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்?

எங்கள் பிராஞ்சிலேயே நாலு பேர் தேடினார்கள். நாலு பேரும் கோவாவுக்குப் போனார்கள் :-)

காரணம் எளிது. லட்சத்தீவு டிக்கெட் எடுத்ததும் பெட்டியைக் கட்டிவிடும் ஊர் இல்லை. 1967-ம் வருட விதிகளின்படி வெளியாள் உள்ளே கால் வைக்க அனுமதிச் சீட்டு வேண்டும். இந்தியராக இருந்தாலும் வேண்டும். அதுவும் எந்தத் தீவு, எத்தனை நாள் என்று குறித்துத் தருவார்கள். அங்கே போய் யார் பொறுப்பில் இருப்பீர்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் என்ற அரசு சுற்றுலாச் சங்கத்தின் பேக்கேஜ் ஒரு பதில். பதிவு பெற்ற தங்குமிடம் இன்னொன்று. அழைக்கும் தீவுக்காரர் மூன்றாவது. காகிதத் தேவைகள் அவ்வப்போது மாறுகின்றன. யூட்யூபில் போன வருடம் யாரோ சொன்னதை நம்பாமல், நிர்வாகத்தின் தளத்தையே பாருங்கள்.

சீட்டு கிடைத்தாலும் அடுத்து வண்டி. இருப்பது ஒரே விமான நிலையம், அகத்தியில். ஓடுபாதை சுமார் 1.2 கிலோமீட்டர்தான், சின்ன ஏடிஆர் ரக விமானங்களுக்கே ஏற்றது. கொச்சியிலிருந்து போய்க்கொண்டிருந்தது, 2024 மார்ச் கடைசியில் இண்டிகோ பெங்களூரிலிருந்தும் தொடங்கியது. மற்றபடி கொச்சியில் கப்பல் ஏற வேண்டும். தீவைப் பொறுத்து ஒரு ராத்திரியும் அதற்கு மேலும் ஆகும். எம்.வி. கவரத்திதான் இருப்பதில் பெரியது, 700 பேர் ஏறலாம். பல தீவுகளில் கப்பல் கரைக்கு வராது, நடுக்கடலில் நின்றுவிடும். ஆடுகிற கப்பலிலிருந்து ஆடுகிற படகுக்கு இறங்க வேண்டும். கீழே நிற்கும் தீவுக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார். முழங்கால் வலிக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் பேக்கேஜ் விலையைவிட இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

இதில் நம் மாதிரி நடுத்தர பட்ஜெட் ஆளுக்கு ஒரு தனிக் கஷ்டம். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. அதற்குள் நேத்ராவதியில் எர்ணாகுளத்துக்கு நாலு பெர்த் எடுக்க வேண்டும். கப்பல் எந்த நாள் கிளம்பும் என்று அதற்குள் தெரிந்திருந்தால் உங்களுக்குச் சுக்கிர திசை. தெரியாவிட்டால் கேன்சலேஷன் சார்ஜ், மறுபடி வெயிட்டிங் லிஸ்ட், தங்கமணியின் பார்வை. பணக்காரன் விமானத்தை நாலு முறை மாற்றிக்கொள்வான். முதுகுப்பை மாட்டிய இளவட்டம் கொச்சியில் பத்து நாள் காத்துக் கிடக்கும். மாட்டிக்கொள்வது பி.எல். பத்து நாளும் பிள்ளைகளின் பரீட்சை அட்டவணையும் வைத்திருக்கிற ஆள்தான்.

வங்கிக்காரர்களுக்காக ஒரு இடைச்செருகல். மற்றவர்கள் ஒரு பாரா தாண்டலாம். மாலத்தீவு இதைவிட எளிது என்பது உண்மை. இந்தியருக்கு முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை. ரிசார்ட் தீவுகளுக்குள்ளேயே அடைத்து வைத்திருந்த சுற்றுலாவை 2009, 2010 வாக்கில் மக்கள் வாழும் தீவுகளுக்கும் திறந்துவிட்டார்கள். அதிலிருந்து மாஃபுஷி மாதிரித் தீவுகளில் நம் கைக்கு எட்டும் கெஸ்ட் ஹவுஸ்கள் வந்துவிட்டன. ஆனால் எல்.எஃப்.சி.யில் அந்த ஆசையை வைத்துக்கொள்ளாதீர்கள். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஸ்டேட் வங்கி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வரிவிலக்கு இந்தியாவுக்குள் போகும் பயணத்துக்கு மட்டும்தான். டெல்லியில் கிளம்பி மதுரை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், திரும்பக் கொழும்பு, டெல்லி என்று போனவர்களின் கதை அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. (மதுரையைத் தொட்டதுதான் நம்மவர் சாமர்த்தியம்.) லட்சத்தீவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் விலக்கு போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டுமே, தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. பேக்கேஜ் பில்லில் கப்பல் கட்டணத்தைத் தனியாகக் காட்டச் சொல்லி வாங்குங்கள். புதிய வரித் திட்டத்துக்கு மாறியவர்களுக்கு இந்த விலக்கே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிராஞ்ச் நண்பர் ஒருவர் கொதித்தார்: "நம்ம நாட்டுக்குள்ள போக நமக்கே பர்மிட்டா? இது என்ன சார் நியாயம்?" கேட்டால் நியாயமாகத்தான் படும். அதுவும் மும்பைத் தமிழனுக்குப் படும். வெளியூர்க்காரன் என்ற சொல்லின் சூடு நமக்குத் தெரியும். 1966-ல் சிவசேனை தொடங்கிய காலத்தில் தென்னிந்தியர்கள் என்ன கேட்டார்கள், எப்படிக் கடைக் கதவை இழுத்து மூடினார்கள் என்பதை மாட்டுங்காவிலும் தாராவியிலும் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அப்படி வந்தவர்களின் பிள்ளைகள் நாம் எங்கே கேட்டு போட்டாலும் எரிச்சல்தான் படுவோம்.

ஆனாலும் நான் இந்தக் கேட்டுக்கு ஓட்டுப் போடுகிறேன். கோடிக்கு மேல் ஜனம் இருக்கிற, அடுத்தவன் உழைப்பிலேயே வளர்ந்த ஒரு மாநகரம் வெளியாளைத் துரத்துவது வேறு. மொத்தமே 32 சதுர கிலோமீட்டர் நிலமும் 2011 கணக்குப்படி 64 ஆயிரத்துச் சொச்சம் பேரும் உள்ள ஒரு தீவுக்கூட்டம் "ஒவ்வொருத்தரா வாங்க" என்பது வேறு. 36 தீவில் ஜனம் வாழ்வது பத்தே தீவில்.

தண்ணீர்க் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். (காமர்ஸ் படித்தவன், வேறு என்ன செய்வேன்.) லட்சத்தீவில் ஆறு கிடையாது, மலை கிடையாது, ஏரி அணையும் கிடையாது. பவள மணலுக்கு அடியில், உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீர்தான் கிணற்று நீர். அதிகம் இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். 2005-ல் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கவரத்தியில் ஒரு கடல்நீர் ஆலை அமைத்தது. கடலின் மேல்மட்டச் சூட்டையும் ஆழத்துக் குளிர்ச்சியையும் வைத்து ஆவியாக்கி நன்னீர் எடுக்கிற முறை. நம்ம ஊர் ஆட்கள் செய்த நல்ல வேலை. 2011-ல் மினிக்காயிலும் அகத்தியிலும் ஆலை வந்தது, பிறகு மற்ற தீவுகளிலும். கவரத்தி ஆலையின் அளவு நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். அங்கே சுமார் 11 ஆயிரம் பேர். ஆளுக்கு ஒன்பது லிட்டர் வருகிறது, குடிக்கவும் சமைக்கவும். மும்பையில் அடுக்குமாடி வீட்டுக்குத் தலைக்கு 135 லிட்டர் என்று கணக்கு. நான்கு பேர் கொண்ட நம் குடும்பம் அதே பழக்கத்தோடு அங்கே போய் ஷவரைத் திறந்தால் 540 லிட்டர். அது அறுபது கவரத்திக்காரர்களின் ஒரு நாள் குடிநீர் அளவு! நீங்கள் குளிப்பது கிணற்றுத் தண்ணீராக இருக்கலாம், ஆனால் படலம் ஒன்றுதானே. தாராவியில் விடிகாலை குழாயடியில் டிரம் நிரப்பியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கப்பலும் அப்படித்தான். அது நமக்கு உல்லாசம். அவர்களுக்கு அதுதான் பஸ், அதுதான் ஆம்புலன்ஸ். பெரிய ஆபரேஷன் என்றால் எர்ணாகுளம், காலேஜ் அட்மிஷன் என்றாலும் பெரும்பாலும் கேரளாதான். கப்பல்கள் ரிப்பேருக்குப் போன மாதங்களில் தீவுக்காரர்களே டிக்கெட் கிடைக்காமல் தவித்தது சமீப வருடங்களில் செய்தியானது. அப்படி ஒரு மாதத்தில் நான் எடுக்கும் ஒரு பங்க் யாருடைய பங்க் என்று யோசித்தால் "நம்ம நாடு" வாதம் கொஞ்சம் இளைத்துவிடுகிறது.

ஆகவே ரேஷன் வேண்டும். என் சண்டை ரேஷன் கடையோடு இல்லை, அங்கே பலகை இல்லாததோடுதான். இன்ன மாதம், இன்ன தீவுக்கு, இத்தனை வெளியாட்களை விடுவோம், இத்தனை முடிந்தது, இத்தனை பாக்கி என்று நமக்குக் கண்ணில் படும்படி எங்காவது எழுதிப் போட்டால் என்ன? ஐ.ஆர்.சி.டி.சி. அதைத்தானே செய்கிறது. வெயிட்டிங் லிஸ்ட் 47 என்று தெரிந்தால் நாம் அழாமல் வேறு தேதி பார்ப்போம். ஒன்றுமே தெரியாத இடத்தில்தான் தரகர் முளைப்பார். "சார், எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று பர்மிட், கப்பல், படுக்கை மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி ஒரு விலை சொல்வார். எது எவ்வளவு என்று கேட்டால் போனை வைத்துவிடுவார். கவுன்டரில் டோக்கன் மெஷின் வைத்த பிறகு சிபாரிசுக் கூட்டம் எப்படிக் கரைந்தது என்பது வங்கியில் இருபது வருஷம் உட்கார்ந்த எவருக்கும் தெரியும்.

பலகை இல்லாத ரேஷன் கடைசியில் பர்ஸ் ரேஷனாகத்தான் மாறும். 2012-ல் உச்ச நீதிமன்றம் நீதிபதி ரவீந்திரன் தலைமையில் ஒரு நிபுணர் குழு போட்டது. எந்தத் தீவு எவ்வளவு தாங்கும், எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று பார்ப்பதுதான் வேலை. நல்ல வேலை. 2023 ஜனவரியில் தாஜ் குழுமம் சுஹேலியிலும் கட்மத்திலும் தலா 110 அறைகளோடு இரண்டு ரிசார்ட் என்று அறிவித்தது. நம்ம ஊர் தாஜ்தான், கொலாபாவில் வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொள்வோமே, அதே தாஜ். முதலீடு வரட்டும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் சந்தோஷம். ஆனால் தீவு தாங்கும் எண்ணிக்கை ஒரே எண்ணிக்கைதான். அதில் பெரும்பங்கு கடலுக்கு மேல் கட்டிய வில்லாக்களுக்குப் போய்விட்டால், அகத்தியில் வீட்டு மாடியில் இரண்டு அறை ஹோம்ஸ்டே நடத்தும் தீவுக்காரருக்கும், அவர் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு ஒரு வாளியில் குளிக்கத் தயாராக இருக்கும் நமக்கும் என்ன மிஞ்சும்? நம் பணம் கொஞ்சம்தான். ஆனால் அது நேராக அந்த வீட்டுக்குள் போகிறது.

அந்தமானுக்குப் போங்களேன் என்பார்கள். போகலாம். இந்தியருக்குப் பழங்குடிப் பகுதிகள் தவிர பர்மிட் வேண்டாம், படகு டிக்கெட் உண்டு, தமிழ் பேசியே சமாளிக்கலாம். கொஞ்சமும் இழுபறி இல்லாமல் தீவு வேண்டும் என்பவர்களுக்கு நானே அதைத்தான் சொல்வேன். லட்சத்தீவுதான் வேண்டும் என்பவர்கள் திட்டத்தைத் தலைகீழாகப் போடுங்கள். நாம் லீவு, ரயில், ஓட்டல் என்று போவோம். இங்கே முதலில் தங்குமிடமும் பர்மிட்டும், அடுத்து கடல் தாண்டும் டிக்கெட், அப்புறம்தான் ரயில், கடைசியில் மேனேஜரிடம் லீவு லெட்டர். நாலு தீவு பார்க்கும் பேராசை வேண்டாம், ஒரு தீவு போதும். அக்டோபர் பாதிக்கு மேல் மே தொடக்கம் வரை கடல் சாது. கொச்சிப் பக்கம் இரண்டு நாள் உபரி வையுங்கள், அதற்கும் பட்ஜெட்டில் ஒரு வரி ஒதுக்குங்கள். 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடலடி கேபிள் போய்விட்டது, அந்த ஏப்ரலில் முதல் தனியார் வங்கியாக ஹெச்டிஎஃப்சி கவரத்தியில் கிளை திறந்தது. ஆனாலும் ரொக்கம் கொண்டு போங்கள், சின்னத் தீவில் ஏடிஎம் படுத்துவிட்டால் பக்கத்துத் தெருவில் இன்னொன்று இருக்காது. பங்காரம் ரிசார்ட் தவிர மது கிடையாது, அந்த நப்பாசையோடு போக வேண்டாம். பவளத்தை ஞாபகார்த்தமாகப் பொறுக்கிப் பையில் போட்டால் வனவிலங்குச் சட்டப்படி ஜெயில்.

எங்கள் கணக்கு: அகத்தி, நாலு பேர், ஜனவரி கடைசி வாரம், போகும்போது கப்பல், வரும்போது விமானம். பர்மிட் விண்ணப்பம் நிற்கிறது, நாங்கள் எத்தனையாவது ஆள் என்பது யாருக்கும் தெரியாது. தங்கமணிக்கு அதெல்லாம் கவலை இல்லை. மினிக்காயில் சூரையை அவித்து, புகை போட்டு, கட்டையாகக் காய வைப்பார்களே அந்த மாசி, அது அகத்திக் கடையில் கிடைக்குமா என்று மட்டும் கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறாள். தாராவி மார்க்கெட்டில் விலை ஏறிவிட்டதாம்.