படி இறங்குகிறேன், தடுக்காதீர்கள்



போன மாதம் மாடிப்படியில் இறங்கும்போது, கடைசிப் படிக்கு முந்தின படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். அடி ஒன்றும் இல்லை. ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி போன அரைமணி நேரத்தில் தீர்ப்பும் வந்துவிட்டது: "அப்பாவைக் கீழ் ரூமுக்கு மாத்திடலாம். இனிமே மாடியே வேண்டாம்." துபாய் மருமகனிலிருந்து தென்காசிச் சித்தி மகன் வரை எல்லாரும் கட்டைவிரலைப் போட்டாயிற்று. நான் ஒருவன்தான் ஒப்பவில்லை. ஒவ்வொருவருக்கும் போனில் விளக்கம் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இயற்பியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். வாளியைத் தூக்கினால் வேலை, இறக்கினால் எதிர்க்குறி வேலை. அதைப் போர்டில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். அந்தக் கழித்தல் குறிக்குள் இவ்வளவு விஷயம் இருப்பது எனக்கே எழுபத்தொரு வயதில்தான் தெரிந்தது. படி ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவோமே, அது மாதிரி. இதை எக்சென்ட்ரிக் பயிற்சி என்கிறார்கள். ஒரு தசையால் தூக்க முடிந்த எடையைவிட, அதே தசையால் மெதுவாக இறக்க முடிந்த எடை அதிகம். மூச்சும் அவ்வளவாக வாங்காது.

1952-இல் இங்கிலாந்தில் ஒரு வேடிக்கையான சோதனை நடந்தது. இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி, ஒரே செயினில் இணைத்தார்கள். ஒருவர் மிதிக்க, மற்றவர் அந்த மிதியை எதிர்த்துத் தடுக்க வேண்டும். இருவர் காலிலும் விசை ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான். ஆனால் தடுத்தவருக்குச் செலவான ஆக்சிஜன் மிகக் குறைவு. வகுப்பில் இருந்தபோது இது தெரிந்திருந்தால் ஒரு பீரியடே ஓட்டியிருப்பேன்!

தைவானில் பருமனான வயதான பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2017-இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேர் படியில் ஏறி லிஃப்டில் இறங்கினார்கள். மறுபாதி லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கினார்கள். வாரம் இரண்டு நாள், 12 வாரம். கடைசியில் தொடை வலு அதிகம் கூடியது இறங்கியவர்களுக்குத்தான். இத்தனை நாளாக நாம் ஏறுவதைத்தான் பெரிய உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

விழுந்த மறுநாள் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். பேத்தி வயசுப் பெண். "சார், அந்த நாற்காலியில உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். "இது உட்கார்றது இல்ல சார், விழுறது" என்றாள். சுருக்கென்று இருந்தது. ஆனால் உண்மை. சில வருஷமாகவே பாதி தூரம் போனதும் 'தொப்'பென்று உடம்பைப் போட்டுவிடுகிறேன், கவனித்ததே இல்லை. சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் ஐந்து எண்ணிக்கொண்டே மெதுவாக உட்கார வேண்டும், எழும்போது வேண்டுமானால் கையை ஊன்றிக்கொள்ளலாம். பத்துத் தடவை, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள். அவ்வளவுதான் பாடம். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் தொடை விண்விண்ணென்று தெறித்தது. அது வரும், இரண்டு மூன்று நாளில் போய்விடும், அடுத்த முறை இவ்வளவு இருக்காது என்று முன்னாலேயே சொல்லியிருந்தாள். அப்படியே ஆயிற்று.

வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து என்னிடம் தோப்புக்கரணம் போட்டவர்கள் இப்போது சிரிப்பீர்கள். "வேகமா, வேகமா" என்று பிரம்பால் மேஜையைத் தட்டுவேன். தண்டனையாகப் போட வைத்தது தப்பு, அதற்கு வெள்ளி விழாச் சந்திப்பிலேயே மன்னிப்புக் கேட்டாயிற்று. இப்போதுதான் தெரிகிறது, வேகத்தைக் கேட்டதும் தப்பு.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், அக்காவுக்காக. எட்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு முழங்கால் வலி வந்தபோது, "இனி நீ அசையாதே" என்று சொன்னது நான்தான். எந்த டாக்டரும் சொல்லவில்லை. கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்தோம். உயரமான நாற்காலி வாங்கிப் போட்டேன். காபி, தட்டு, மாத்திரை எல்லாம் கைக்கு வந்தன. எல்லாம் பாசத்தில் செய்ததுதான். இரண்டே வருஷத்தில் நாற்காலியை விட்டு எழ இரண்டு பேர் தேவைப்பட்டது. ஒருகாலத்தில் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாகத் தெருக்குழாயிலிருந்து வந்தவள். நோய் பாதி, நாங்கள் பாதி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று நம் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறோம். முழங்கால் தேய்மானம் முற்றியவர்களும், இதயக் கோளாறோ தலைசுற்றலோ உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். என் மாணவர்களில் டாக்டர்கள் நிறையப் பேர், நான் எழுதியதில் பிழை இருந்தால் கீழே திருத்துங்கள், மார்க் குறைக்க மாட்டேன். ஆனால் கெட்டிப்படுத்த முடிகிற காலைச் சும்மா உட்கார வைத்துவிட்டு, "விழாமல் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

மகனிடம் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறோம். படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி, திருப்பத்தில் ஒரு விளக்கு, இறங்கும்போது கையில் சாமான் கூடாது, செல்போனும் கூடாது. வெல்டிங்காரர் வியாழக்கிழமை வருகிறார். என் அறை மாடியிலேயே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறேன். அவளுடைய டாக்டரிடம் கேட்டுவிட்டேன், நாற்காலிப் பயிற்சிக்குச் சரி என்றிருக்கிறார். அவளால் ஐந்து வரை எண்ண முடியாது, இரண்டில் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறோம்.