வைசரைக் கழற்றச் சொன்ன நாமே இப்போது மாட்டச் சொல்கிறோம்



கொஞ்சம் நீளமான பதிவு. கார் பற்றியது. கார் இல்லாதவர்களும் வாசியுங்கள். இதில் காருக்கு வெளியே நிற்பவர்களின் பாடும் இருக்கிறது.

நம்மிடம் படித்த தம்பி ஒருவர், பாடசாலைக் காலத்தில் கொப்பியின் பின்பக்கம் எல்லாம் கீறித் திரிந்த காரை ஒருவாறு கொழும்பில் தேடிப் பிடித்து ஊருக்குக் கொண்டு வந்தார். மஸ்டா ரோட்ஸ்டர். வெளிநாடுகளில் எம்எக்ஸ்-5 என்றும் மியாட்டா என்றும் சொல்வார்கள். ஜப்பானில் முதலில் யூனோஸ் என்ற பெயரில் விற்றார்கள். 1989இல் வந்த முதல் வகை. இரண்டே இருக்கை, மடக்கிப் பின்னால் தள்ளும் துணிக்கூரை, லைட்டைப் போட்டால் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும். எடை ஆயிரம் கிலோ அளவுதான். 2016இல் பத்து இலட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்ததாம். இதெல்லாம் நாம் தேடிப் படித்ததில்லை, தம்பி சொல்லித் தந்த பாடம். ஒரு காலத்தில் ஒன்பதாம் ஆண்டு கணிதத்தை இப்படி மனப்பாடமாய்ச் சொல்லியிருந்தால் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்போம்!

வாங்கி இரண்டு கிழமையில் வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டார்.

"சேர், இந்த சன் வைசர் ரெண்டையும் கழட்டிப் போடவா?"

காரணங்களையும் அடுக்கினார். இந்தக் காரின் முன்கண்ணாடி உயரம் குறைந்தது. தம்பியோ ஆறடிக்குக் கிட்ட. வைசரை இறக்கினால் பாதி வீதி மறைகிறது, மேலே ஏற்றி வைத்தால் பழைய பிடி தளர்ந்து காற்றுக்குப் படபடக்கிறது. வெளிநாட்டில் இந்தக் கார் வைத்திருப்பவர்களில் பலர் கழற்றித்தான் வைத்திருக்கிறார்களாம், பார்க்கவும் துப்புரவாக இருக்குமாம். கடைசியாக ஒன்று சொன்னார், அதுதான் நம்மை மடக்கியது. "கூரையே இல்லாம ஓடுற கார் சேர். வெயில் எப்படியும் தலையில விழுகுது. பிறகு அந்தச் சின்னத் தட்டு எதுக்கு?"

நியாயமாகத்தான் பட்டது. உங்கட கார், உங்கட விருப்பம், கழட்டுங்க மகன் என்று சொல்லி அனுப்பினோம். ஆசிரியர் அறையிலும் அன்று இதுதான் பேச்சு. ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த கிழமை பின்னேரம், அஸர் தொழுதுவிட்டு வரும்போது பள்ளிவாசலடியில் கார் நின்றது. "ஏறுங்க சேர், ஒரு சுத்து" என்றார். இந்த வயதில் கூரையில்லாத காரில் ஏறுவதைப் பார்த்து ஊரே சிரித்தது, அது வேறு கதை. காரைதீவுச் சந்தியில் திரும்பி சம்மாந்துறைப் பக்கம் போனோம். வயல்காற்று, நல்ல வீதி. வாயில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது என்பதை மறைக்கவில்லை.

பெரும்போக அறுவடைக் காலம் அது. அந்த நாட்களில் நம் பகுதியில் வீதி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தார் வீதியின் ஓரத்தில் நெல் காயும். பின்னேரமானால் குவிப்பதற்கு விளக்குமாறும் சாக்குமாய் ஆட்கள் வீதியிலேயே நிற்பார்கள், குனிந்தபடி, சில வேளை சின்னப் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மஃரிபுக்கு முக்கால் மணி நேரம் இருக்கும். ஒரு வளைவு திரும்பியதும் சூரியன் நேர் முன்னால் வந்து நின்றது.

வீதி காணாமல் போனது. இதைவிடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முன்கண்ணாடி முழுவதும் ஒரே மஞ்சள் வெளிச்சம், அதில் பழைய வைப்பர் கீறிய கோடுகளும் அறுவடைத் தூசியும் மட்டும் மினுங்கின. தம்பி ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து நெற்றியில் வைத்துப் பார்த்தார். நாமும் அப்படியே கையை வைத்தோம். அப்போதுதான் தெரிந்தது, முன்னால் ஒரு உம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முதுகைக் காட்டி நெல்லைக் கூட்டிக்கொண்டு நிற்கிறார். தம்பி ஒற்றைக் கையால் வளைத்து பிரேக் அடித்தார். ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்த உம்மா திரும்பிப் பார்த்து, "கண் தெரியலையா வாப்பா?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

வேகம் அறுபதுதான் இருந்தது. மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் ஒரு செக்கனுக்கு 17 மீற்றர் அளவு. மூன்று செக்கன் கண் தெரியாவிட்டால் 50 மீற்றர் குருட்டு ஓட்டம். வகுப்பில் எத்தனை தடவை இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டிருப்போம்! அன்றுதான் அது நமக்கு உறைத்தது.

தம்பியின் அந்தக் கடைசிக் காரணத்தில் ஓட்டை எங்கே என்றும் அன்று இரவுதான் விளங்கியது. தலையில் விழும் வெயிலும் கண்ணில் விழும் வெயிலும் ஒன்றல்ல. உச்சி வெயில் ஓட்டுநரைச் சுடும், வீதியை மறைக்காது. நம் நாட்டில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாகவே இறங்குகிறது. மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அடிவானத்திலிருந்து சுமார் 15 பாகை உயரத்தில் நிற்கும். அந்த ஒரு மணி நேரமும் சூரியன் உதித்த பிறகு வரும் ஒரு மணி நேரமும்தான் வைசரின் வேலை நேரம். மற்ற நேரமெல்லாம் அது சும்மா இருக்கும் தட்டுத்தான், தம்பி சொன்னது சரி. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நம் வீதிகளில் ஆள் நடமாட்டம் கூட. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், வயலுக்குப் போய் வருபவர்கள், வீதியோரம் நெல் குவிப்பவர்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் கிட்டத்தட்ட நேர் மேற்கில் விழுகிறது. நம் இரண்டு போக அறுவடையும் அந்த மாதங்களை ஒட்டியே வருகிறது. கிழக்கு மேற்காய்க் கிடக்கும் எந்த வயல் வீதியிலும் இதே கதைதான்.

நல்ல கறுப்புக் கண்ணாடி போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். தம்பியிடமும் இருந்தது. அது வீதியிலும் பொனட்டிலும் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தைக் குறைக்கும். நேராகக் கண்ணுக்குள் வரும் சூரியனை எந்தக் கண்ணாடியும் தடுக்காது, நிழல்தான் தடுக்கும். விளிம்பு வைத்த கெப் தொப்பி ஓரளவு உதவும், கூரை திறந்திருந்தால் காற்றில் பறக்காமல் இருக்க வேண்டும். நமது வெள்ளைத் தொப்பிக்கு விளிம்பே இல்லை!

இன்னொரு விசயம் பிறகு தேடியபோது தெரிந்தது. வைசர் வெயிலுக்கு மட்டும் வைத்ததல்ல. அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதியில், முன் இருக்கை இரண்டுக்கும் அடியைத் தாங்கும் மெத்தென்ற பொருளில் செய்த அல்லது அதனால் மூடிய வைசர் இருக்க வேண்டும் என்று காருக்குள் தலை அடிபடும் பகுதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மோதினால் தலை போய் இடிக்கும் இடம் அது. கழற்றினால் மிஞ்சுவது முன்கண்ணாடியின் இரும்புச் சட்டமும் ஸ்க்ரூ ஓட்டைகளும். ஏர்பேக் உள்ள கார்களில், கைக்குழந்தையின் பின்நோக்கிய இருக்கையை முன்னால் வைக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் பெரும்பாலும் அந்தத் தட்டில்தான் ஒட்டியிருக்கும். எடை குறையும் என்ற கதையையும் பார்ப்போம். இரண்டையும் சேர்த்தாலும் ஒரு கிலோ வருமா என்பது சந்தேகம். அன்று நாம் ஏறியதில் கூடிய எடையைப் பற்றித் தம்பி ஒன்றும் சொல்லவில்லை, மரியாதை.

ஆனாலும் அவருடைய உயரப் பிரச்சினை உண்மையானது. வைசரை இறக்கினால் வீதி மறைகிறது என்றால் அதுவும் ஆபத்துத்தான், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அதற்கு வழி வைசரைக் கழற்றுவதல்ல, ஆளை இறக்குவது. இந்தக் காரில் உயரமானவர்கள் இருக்கையின் ஸ்பொஞ்சைக் குறைத்து உட்கார்கிறார்கள் என்று அவரே தேடிக் காட்டினார். குஷன் வேலை தெரிந்த ஒருவர் அரை நாளில் செய்து தருவார். இரண்டு அங்குலம் இறங்கினால் கண்ணும் சட்டத்துக்குக் கீழே வரும், வைசரும் அதன் வேலையைச் செய்யும்.

பக்கத்து இருக்கை வைசரைப் பற்றிக் கேட்டோம். "அது ஆருக்குச் சேர்?" என்றார். அவருடைய உம்மா ஐந்தடியும் இல்லை. கண்ணில் வெண்படலம் தொடங்கியிருக்கிறது, கிளினிக்குக்கு இந்தக் காரில்தான் போய் வருகிறார். அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் நம்மைவிடக் கூடுதலாகக் கூசும். ஆறடி மகன் தன் கண்ணை வைத்து இரண்டு பக்கத்துக்கும் முடிவெடுத்துவிட்டார். நாமும் கேட்காமல் தலையாட்டினோம்.

இதே வாயால்தான், சைட் மிரரைக் கழற்றிவிட்டு மோட்டார் சைக்கிளில் வரும் உயர்தரப் பிள்ளைகளை நாம் வாசலில் நிறுத்தி ஏசுகிறோம். அவர்கள் சொல்வதும் இதே காரணம்தான்: பார்க்க வடிவாயில்லை சேர், நமக்குத் தேவைப்படுவதில்லை சேர். அவர்களை ஏசிய நாம் காருக்கு மட்டும் எப்படிச் சம்மதித்தோம்? விலை கூடிய வாகனம் என்பதாலா? யோசித்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் தம்பியிடம் தனியாகச் சொன்னதோடு நிறுத்தாமல், அன்று ஆசிரியர் அறையில் தலையாட்டிய நண்பர்களும் பார்க்கட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

தம்பி ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இரண்டையும் திரும்ப மாட்டுவதாக ஏற்பாடு. முன்கண்ணாடியையும் மாற்றச் சொல்லியிருக்கிறோம், அதற்குக் காசு சேர வேண்டும் என்கிறார். அதுவரைக்கும் பின்னேரம் ஐந்துக்குப் பிறகு மேற்குப் பக்கம் ஓடுவதில்லை என்று வாக்குத் தந்திருக்கிறார். வைசர்கள் இரண்டும் கராஜ்காரரிடம் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் வலது பக்கப் பிடியின் கிளிப் ஒன்று கழற்றும்போது உடைந்துவிட்டது. பழைய மஸ்டா பாட்ஸ் கல்முனையிலோ மட்டக்களப்பிலோ எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். வியாழனுக்குள் கிடைத்தால் நல்லது.