குருமனையும் சஞ்சிகைகளும்

லுத்தரன் திருச்சபைக் குருவானவர் ஒருவருடைய அறையிற் புகுவார்க்கு முதலிற் புலப்படுவன வேதபுத்தகமும், ஞானப்பாட்டுப் புத்தகமும், லுத்தரின் ஞானோபதேசமும் ஆம். நாற்காலியின் அருகே கிடக்கும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் எவரும் பொருட்படுத்துவதில்லை. அவை உண்டபின் களைப்பாறும் வேளைக்கு உரியன என்பது பொதுக் கருத்து. நாம் அவ்வாறு கருதுகின்றிலோம். ஒரு குருவானவர் மாதந்தோறும் தவறாது எவற்றைப் படிக்கின்றார் என்பதை அறிந்தோமாயின், அவர் பிரசங்க பீடத்தில் யாது சொல்வார் என்பதையும், அதனினும் முக்கியமாக யாது சொல்லாமல் விடுவார் என்பதையும் ஒருவாறு அறிந்துகொள்ளலாம். நமது கல்லூரியிற் கற்று ஊழியத்துக்குச் சென்றோரும் செல்ல எண்ணியிருப்போரும் உளராதலின், இப்பொருளைப்பற்றி நமது கருத்தை ஈண்டு வெளியிடத் துணிகின்றோம்.

நூலை நாம் தேடிச் செல்கின்றோம். சஞ்சிகையோ நம்மைத் தேடி வருகின்றது. நமக்கு விருப்பமான பொருளைப்பற்றிய நூலையே நாம் விலைகொடுத்து வாங்குவோம். சந்தா கட்டிய சஞ்சிகையோ, நாம் கேளாத செய்தியையும், நமக்குச் சற்றும் சுவையில்லாத விவாதத்தையும் சுமந்துகொண்டு வந்து வாயிலில் நிற்கும். இதுவே அதன் பெரும்பயன். இக்காலத்துக் கைபேசியில் ஓயாது வந்து விழும் துணுக்குகளை இதனோடு ஒப்பிடலாகாது. முன்னே நாம் எதை விரும்பிப் பார்த்தோமோ, அதனையே மீண்டும் மீண்டும் கொணர்ந்து பரிமாறுதல் அவற்றின் இயல்பு.

நிற்க. லுத்தரன் குருமார்க்குச் சஞ்சிகை வாசிப்பு நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. அதன் வரலாற்றில் நமது தரங்கம்பாடிக்கும் பங்குண்டு. 1706-ஆம் ஆண்டில் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் அவர்க்குப் பின் வந்தோரும் எழுதிய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும், ஜெர்மனி தேசத்து ஹாலே நகரில், பிராங்கே என்னும் குருவானவர் 1710 முதல் அச்சிட்டு வெளியிடலானார். 'ஹாலே அறிக்கைகள்' என வழங்கும் அவ்வெளியீடு 1772 வரை 108 பகுதிகளாக வந்தது. சோழநாட்டுக் கடற்கரையில் நிகழ்ந்தவை பலமாதக் கப்பற் பயணத்தின்பின் ஜெர்மனியின் குருமனைகளில் வாசிக்கப்பட்டன. மிஷனுக்குக் காணிக்கையும் சேர்ந்தது. தமிழர் சிலர்க்கு வினாக்கள் விடுத்துப் பெற்ற 99 கடிதங்கள்கூட அதில் ஜெர்மன் மொழியில் வெளிவந்தன. கிறிஸ்தவரல்லாதார் தம் சமயத்தையும் ஒழுக்கத்தையும் குறித்துத் தாமே சொல்லும் மொழியை ஐரோப்பியக் குருவானவர் ஒருவர் தம் அறையிலிருந்தே கேட்கலாயிற்று என்பது சிறிய காரியமன்று.

ஆயினும், அவ்வறிக்கைகளை மட்டும் படித்தவர் தமிழ்நாட்டை முழுதும் அறிந்தாரோ? அறிந்திலர். ஹாலேயிலிருந்த பதிப்பாளர் கடிதங்களைச் சுருக்கியும், சில பகுதிகளை நீக்கியுமே அச்சிட்டனர். தென்னாட்டுத் தெய்வங்களைப்பற்றிச் சீகன்பால்கு ஐயர் 1713-இல் விரிவாக எழுதிய நூல் அங்கு அச்சேறவே இல்லை. அது 154 ஆண்டு கழிந்து, 1867-இல், கெர்மன் என்பவரால் சென்னையிற் பதிப்பிக்கப்பட்டது. நோக்கம் எதுவாயினும் ஆகுக. மறைக்கப்பட்டது இன்னதென்று வாசித்தவர்க்குத் தெரிய வழியில்லை. தம் சபையின் பத்திரிகையை மட்டும் வாசிப்பாருடைய நிலை எக்காலத்தும் இதுவே. பத்திரிகை பிழைபட எழுதியதை மறுக்கலாம். அஃது எழுதாது விட்டதை எங்ஙனம் மறுப்பது?

இதனால் சபைப் பத்திரிகை வேண்டா என்பது எமது கருத்தன்று. 1844-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவிலுள்ள செயின்ட் லூயிஸ் நகரில், வால்தர் என்னும் குருவானவர் 'டேர் லுத்தரானர்' என்றொரு பத்திரிகையைத் தொடங்கினார். காடும் புல்வெளியுமாய்க் கிடந்த இண்டியானா நாட்டில் தனித்து உழைத்துக்கொண்டிருந்த வினேகன் என்னும் மற்றொரு குருவானவர் அதன் முதலிதழைக் கண்டு, தம்மைப்போன்ற லுத்தரன்மார் இந்நாட்டில் வேறும் உளர் என்று அறிந்து மகிழ்ந்து கடவுளுக்கு நன்றி செலுத்தினாராம். சில ஆண்டுகளில் அவ்விருவரும் பிறரும் கூடிய மிசௌரி சினாடு உருவாயிற்று. அச்சினாடே 1895 முதல் நம் தமிழ்நாட்டிலும் ஊழியம் செய்தது. தனித்திருப்பவர்க்குத் துணை தருவது சபைப் பத்திரிகை. அத்துணை இல்லாதவர் மனம் சோர்வது இயல்பு. ஆனால் துணை வேறு, கண் வேறு.

இவ்வேற்றுமை உயிர்ப்பிரச்சினையாக மூண்டது 1933-இல், அதே ஜெர்மனியில். யூதரையும் யூத வழிவந்தோரையும் அரசாங்க உத்தியோகத்தினின்று விலக்கும் சட்டம் அவ்வாண்டு ஏப்ரலில் பிறந்தது. ஞானஸ்நானம் பெற்ற யூதரைச் சபை ஊழியத்தினின்றும் விலக்கவேண்டும் என்று 'ஜெர்மன் கிறிஸ்தவர்' என்னும் கட்சியார் கிளர்ந்தனர். அவர்க்குத் தனிப் பத்திரிகையும் இருந்தது. அவ்வாண்டு ஜூனில், 27 வயதினரான போன்ஹோபர் என்னும் லுத்தரன் குருவானவர், யூதர் காரியத்தில் சபையின் கடமை யாது என்பதுபற்றி எழுதிய கட்டுரை ஒரு சஞ்சிகையில் வெளிவந்தது. அரசாங்கத்தின் சக்கரத்தில் அரைபடுவோர்க்குக் கட்டுக்கட்டுவதோடு சபை நின்றுவிடலாமோ என்பது அவர் எழுப்பிய கேள்வி. ஒரே வேதமும் ஒரே விசுவாச அறிக்கையும் உடைய குருமாருள், ஒருவர் மேசைமேல் கட்சிப் பத்திரிகையும், மற்றொருவர் மேசைமேல் இக்கட்டுரை வந்த சஞ்சிகையும் கிடந்திருக்கும். அவர்கள் பின்னர் வெவ்வேறு வழியிற் சென்றதற்குப் பத்திரிகை ஒன்றே காரணம் என்று நாம் சொல்லோம். ஆனால், பத்திரிகை அற்ப விஷயமென்று அக்கொடுங்கோலர் எண்ணவில்லை. அவ்வாண்டு அக்டோபரிலேயே பத்திரிகாசிரியரை அரசின் கைக்குட்படுத்தும் சட்டம் செய்தனர். 1941-இல், காகிதத் தட்டுப்பாடு என்று காரணங்காட்டி, திருச்சபைப் பத்திரிகைகளிற் பெரும்பாலானவற்றை நிறுத்தியும் விட்டனர். குருமனைக்கு எது வந்து சேர்கின்றதென்பதில் அவர்கள் காட்டிய கவலையில் ஒரு பங்கையேனும் நாம் காட்டினால் நலமாகும்.

ஆகையால், நம் நாட்டுக் குருவானவர் ஒருவர் யாதினைப் படிக்கவேண்டும் என்று எம்மைக் கேட்பின், தம் சபைப் பத்திரிகையோடு தமக்கு உடன்பாடில்லாத ஒரு சஞ்சிகையையும் சந்தா கட்டி வாங்குக என்போம். அது வேறு சபையாரதாயினும் ஆகுக, வேறு சமயத்தாரதாயினும் ஆகுக, கடவுளே இல்லை என்பாரதாயினும் ஆகுக. சந்தா கட்டுதல் முக்கியம். அப்போதுதான் மனமில்லாத மாதத்தும் அது வந்து சேரும். தமிழ்ச் சஞ்சிகை ஒன்றும் இன்றியமையாதது. ஆங்கில வேதசாஸ்திர சஞ்சிகைகளை மட்டும் படிக்கும் சிலருடைய பிரசங்கம், கேட்பவர்க்கு மொழிபெயர்ப்பாகவே ஒலிக்கின்றது. இதிலும் சீகன்பால்கு ஐயரே நமக்கு வழிகாட்டி. 1708-ஆம் ஆண்டளவில் அவர் காலை எட்டு மணி முதல் நண்பகல் வரை, முதிய புலவர் ஒருவரையும் எழுத்தர் ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு தமிழ் நூல்களைப் படித்தார், பிற்பகலிலும் படித்தார், இரவில் கண் நோவாதிருக்கப் பிறரைப் படிக்கச்சொல்லிக் கேட்டார். அந்நியர் ஒருவர் அத்துணை உழைத்த மொழியில், இங்கே பிறந்தவர் மாதம் ஓர் இதழ் படிப்பது மிகையாகாது. சனிக்கிழமை இரவில் மறுநாள் பிரசங்கத்துக்கு ஓர் உவமை அகப்படுமோ என்று பழைய இதழ்களைப் புரட்டுவதை மட்டும் நாம் வாசிப்பு என்று கணக்கிடவில்லை.

நேரமில்லை என்பாரும் உளர். பணமில்லை என்பாரும் உளர். நேரத்தைப்பற்றி நாம் வாதிடோம். பணக்குறை மெய்யே. கிராமச் சபைக் குருவானவருடைய சம்பளத்தில் அயல்நாட்டுச் சஞ்சிகைக்குச் சந்தா கட்டுதல் எளிதன்று. ஆயின் ஜெர்மனியில் அக்காலத்துக் குருமாரும் செல்வரல்லர். அவர்களிற் பலர் ஒன்றுகூடிச் சஞ்சிகைகளைப் பொதுவில் வாங்கி, ஓர் உறையிலிட்டு, வீட்டுக்கு வீடு முறைவைத்து அனுப்பி வாசித்தனர். அருகருகேயுள்ள ஐந்தாறு சேகரங்களின் குருமார் இங்கும் அவ்வாறு செய்யலாம். ஒவ்வொருவர்க்கும் வரும் செலவு அற்பமே. அந்தந்தச் சபையாரே வருஷ வரவுசெலவில் இதற்கென ஒரு சிறுதொகை ஒதுக்கினும் தகும். கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்குவதுபோல இதுவும் ஒரு செலவே.

நமது கல்லூரி வாசகசாலையும் இதில் உதவக்கூடும். ஆண்டு முடிவில் பைண்டு செய்யப்படாத சஞ்சிகைகள் மூலையிற் குவிந்து, பின்னர் எடைக்குப் போகின்றன. அவற்றை ஊழியத்திலிருக்கும் பழைய மாணாக்கர்க்குச் சுற்றாக அனுப்பினால் என்ன? தபாற்செலவைப் பெறுவோர் ஏற்றுக்கொள்வர். எவ்விதழ்கள் எவ்வூர்க்கு என்பதை எழுதிவைக்க ஒரு குறிப்பேடும், அதனைப் பார்த்துக்கொள்ள மாணாக்கர் இருவரும் போதும். அடுத்த ஆண்டு விடுமுறைக்கு முன்னரே இதனைத் தொடங்கலாமென்று வாசகசாலைக் குழுவாரை வேண்டிக்கொள்கின்றோம்.